கடைசி வீட்டுக் குழாயில் ஆறு மீட்டர்

தை பிறந்த இரண்டாவது வாரம் விருத்தாசலம் போய்விட்டு வந்தேன். கோயிலுக்கா என்று கேட்காதவர்கள் இல்லை. பழமலைநாதரைப் பார்க்காமல் திரும்பவில்லை, அது உண்மை. ஆனால் நான் போனது தண்ணீர் சரியாக ஏறாத ஒரு தெருக்குழாயைப் பார்க்க. இந்த வலைப்பதிவைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு என் பிழைப்பு தெரியும். புதிதாக வந்தவர்களுக்குச் சொல்கிறேன்: ஊர்களின் குடிநீர்க் குழாய்களைக் கணினிக்குள் வரைந்து, எந்தத் தெருவில் எவ்வளவு அழுத்தம் இருக்கும் என்று கணக்குப் போட்டுச் சொல்வது என் வேலை. புதுச்சேரியில் ஒரு சின்ன அலுவலகம், நாலு பேர், அடிக்கடி மக்கர் பண்ணும் ஒரு காபி மெஷின். வேலைக்குப் போகிற ஊரையே சுற்றிப் பார்த்து எழுதுவதால் என் பயணக் கட்டுரைகளில் கடற்கரையும் மலையும் குறைவு, மேல்நிலைத் தொட்டிகள் அதிகம். மன்னிக்கவும்.

இந்தத் தடவை கிளம்பக் காரணம், கணினி சொன்ன ஒரு கிறுக்குத்தனமான பதில். பழைய முறைக் கணக்கில் ஒவ்வொரு வீட்டுக்கும் இவ்வளவு தண்ணீர் என்று நாமே எழுதிக் கொடுத்துவிடுவோம். கணினி அதை அப்படியே நம்பி, எல்லா வீடும் தன் பங்கை எடுத்துவிட்டதாக வைத்துக்கொண்டு அழுத்தத்தைக் கண்டுபிடிக்கும். தொட்டிக்குப் பக்கத்தில் எல்லாம் ஒழுங்காக இருக்கும். குழாயின் கடைசியில் மட்டும் அழுத்தம் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கி நிற்கும். அதாவது அங்கே குழாய் வெளியிலிருந்து உள்ளே உறிஞ்சுகிறது. ஆனால் அதே கணக்கில் அந்த வீட்டுக்காரருக்கு முழுத் தண்ணீரும் கிடைத்ததாகவும் இருக்கும். இரண்டும் சேர்ந்து எப்படி நடக்கும் என்று கணினி வாய் திறக்காது.

உண்மையில் நடப்பது வேறு. இருக்கிற அழுத்தத்துக்குத் தக்கபடிதான் தண்ணீர் வரும். நிறைய இருந்தால் முழுசாக, குறைந்தால் நூலாக, இன்னும் குறைந்தால் சொட்டுக்கூட இல்லை. இந்த 'தக்கபடி' எவ்வளவு என்று கணக்கில் சொல்லிக் கொடுத்தால் கணினியும் ஒழுங்குக்கு வந்துவிடும். அதற்கு ஒரே வழி, தண்ணீர் வராத இடத்தில் போய் நின்று அளப்பது. விருத்தாசலத்தில் அப்படி ஒரு தெரு இருந்தது. அதற்குத் தனியாக ஒரு புதுக் குழாய் இழுக்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்ய நகராட்சியில் என் அளவீட்டைக் கேட்டிருந்தார்கள்.

அழுத்தத்தை நாங்கள் மீட்டரில் சொல்வோம். ஏழு மீட்டர் என்றால், அந்த இடத்தில் குழாயில் ஒரு கண்ணாடிக் குழலைச் செருகி நிமிர்த்தினால் தண்ணீர் ஏழு மீட்டர் ஏறி நிற்கும் என்று பொருள். இதைப் படித்த நாளிலிருந்து எனக்கு ஒரு வியாதி. எந்த ஊர்த் தெருவில் நடந்தாலும் வீட்டுக்கு வீடு தண்ணீர்க் கம்பங்கள் நிற்பது போலத் தெரியும். தொட்டியருகே கூரைக்கு மேலே உயர்ந்து, தள்ளிப் போகப் போகக் குட்டையாகி, கடைசியில் வாசற்படி உயரம்கூட இல்லாமல். அதிகாலையில், பனியில், தூக்கம் முழுசாகக் கலையாத கண்ணுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். என் கணவரிடம் இதைச் சொன்னபோது கண் டாக்டரிடம் போகச் சொன்னார்.

சரி, பயணம். புதுச்சேரியிலிருந்து கடலூர், வடலூர், நெய்வேலி வழியாக பஸ். ஏறத்தாழ தொண்ணூறு கிலோமீட்டர், எனக்கு இரண்டே முக்கால் மணி நேரம் ஆனது. சென்னையிலிருந்து வருகிறவர்கள் ரயிலில் வாருங்கள். விருத்தாசலம் பெரிய ஜங்ஷன், மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் முன்பின் ஆகும். நெய்வேலி தாண்டியதும் நன்றாகத் தூங்கிவிட்டேன். கண் விழித்தபோது ஜன்னலில் வயலும் பனைமரமும் மாலை வெயிலில் மெதுவாக நீந்திக்கொண்டிருந்தன. பஸ் நிலையத்தில் ஆட்டோ பிடித்தேன், எண்பது ரூபாய்.

"செராமிக் பக்கம் போவணுமா? பொம்ம வாங்கவா, பீங்கான் பியூஸ் கேரியரு வாங்கவா மேடம்?" என்றார் ஓட்டுநர்.

"கொழாய் பாக்கணும்."

"கொழா கம்பெனி இங்க கெடையாதுங்களே."

"தெருக் கொழாய்ங்க."

அவர் கண்ணாடியில் என்னை ஒரு தடவை பார்த்தார். வண்டியைக் கிளப்பினார்.

செராமிக் கூடங்கள் இருக்கிற பகுதிக்குப் போகிறவர்கள் மாலை ஐந்து மணி வாக்கில் போங்கள். கொட்டகை வாசல்களில் பலகை போட்டு, இன்னும் வர்ணம் பூசாத பொம்மைகளைக் காய வைத்திருப்பார்கள். யானை, வாத்து, பிள்ளையார், குழலூதும் கண்ணன், எல்லாம் ஒரே வெள்ளையில், கண் இல்லாமல். சாலையோரப் புல்மேலும் வேப்பிலைமேலும் மாவு போல வெள்ளைத் தூசி. அந்த வெளிச்சத்தில் தெருவே யாரோ கனவு கண்டு பாதியில் விட்டுப் போனது போல இருந்தது. நான் வந்த வேலையை மறந்து வெகுநேரம் நின்றுவிட்டேன்.

என் தெரு அங்கிருந்து ஒரு கிலோமீட்டருக்கு உள்ளே. முப்பது வீடு இருக்கும். பெரும்பாலும் செராமிக் கூடங்களில் வேலை செய்கிறவர்கள். குழாய் போட்ட காலத்தில் அந்தத் தெருவே இல்லையாம். வீடுகள் வர வர, ஒல்லிக் குழாயை நீட்டிக்கொண்டே போயிருக்கிறார்கள். போதாக்குறைக்கு நிலமும் லேசாக மேடு. யார்மேலும் குற்றம் சொல்ல முடியாது. ஒருநாள் விட்டு ஒருநாள் காலை ஆறு மணிக்குத் தண்ணீர் திறந்து ஏழரைக்கு நிறுத்துவார்கள்.

கடைசி வீடு மணிமேகலையுடையது. கணவர் இல்லை. மகன் சரவணன் ஒரு கூடத்தில் சூளை வேலை பார்க்கிறார். குழாயில் என் கருவியை மாட்ட அனுமதி கேட்டதும், "மாட்டிக்கயேம்மா, கொழாதான, என்னா தேஞ்சா போவப் போவுது" என்று சொல்லிவிட்டு, சாப்பிட்டாயா என்று கேட்டார். சாப்பிட்டேன் என்று சொன்னதை நம்பாமல் நாலு இட்லி வைத்தார். கருவி ஒன்றும் பெரிதில்லை. டிபன் டப்பா அளவு, முகப்பில் எண் ஓடும், உள்ளே பதிவும் ஆகும்.

செவ்வாய்க்கிழமை காலை முதல் அளவீடு. குழாய் எங்கே என்று தேடினால் அது தரையில் இல்லை, குழியில் இருந்தது. வாசலில் மூன்றடி ஆழத்துக்குத் தோண்டி, செங்கல் வைத்துக் கட்டி, இறங்க இரண்டு படி வைத்திருந்தார்கள். தெரு முழுக்க அப்படித்தான். தண்ணீர் மேலே ஏறாது என்று தெரிந்ததும் இவர்கள் குழாயைக் கீழே இறக்கிவிட்டார்கள். என் கணக்கில் எல்லாக் குழாய்களும் தரைமட்டத்தில் இருந்தன. அந்த மூன்றடியில்தான் இந்தத் தெரு குடித்துக்கொண்டிருந்தது. மணிமேகலை குழிக்குள் குத்தவைத்து உட்கார்ந்து, நூலாக வந்த தண்ணீருக்குக் கீழே குடத்தைப் பிடித்திருந்தார். கருவி அரை மீட்டர் காட்டியது. ஒரு குடம் நிறைவதற்குள் அவர் எனக்கு மகனின் கல்யாணக் கவலை முழுவதையும் சொல்லி முடித்துவிட்டார்.

"மூணு எடம் வந்துட்டுப் போயிட்டாங்கம்மா. பையன் நல்லவன், வேல இருக்குது, குடி கெடையாது. இந்தக் குழிய எட்டிப் பாத்துட்டு, போயிட்டு சொல்லி அனுப்புறோம்னு போயிடுறாங்க. இப்பல்லாம் பொண்ணு வூட்டுல தண்ணி எந்நேரம் வுடுவாங்கன்னு கேட்டுக்கினுதான் நல்ல நேரமே குறிக்கறாங்க. வியாழக்கெழம திட்டக்குடிப் பக்கத்துலேந்து வராங்க. இதுவும் போச்சுன்னா எம்புள்ள பொண்ணே பாக்க வேணாம்னுடுவான்."

எனக்கு மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. என் புதுக் குழாய் வந்தாலும் எப்போது வரும் என்று எனக்கே தெரியாது. நல்லபடியா முடியும்க்கா என்று மட்டும் சொன்னேன்.

புதன்கிழமை தண்ணீர் இல்லாத நாள். கோயிலில் போய் உட்கார்ந்திருந்தேன். உள்ளே கூட்டம் இல்லை. கல் தரை குளுகுளுவென்று இருந்தது. வெளியே மணிமுத்தாற்றில் தண்ணீர் கொஞ்சம், மணல் நிறைய. சும்மா இருப்பது எனக்குப் பிடித்த வேலை என்பதால் அந்த நாளைப்பற்றி எழுத வேறொன்றும் இல்லை.

வியாழக்கிழமை காலை ஆறேகால் மணிக்குத் தெருவுக்குள் நுழைந்தேன். நல்ல பனி. மணிமேகலை வீட்டு வாசல் அடையாளமே தெரியவில்லை. குழிமேல் பலகை போட்டு, அதன்மேல் பாய் விரித்து, பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். பக்கத்தில் இடுப்பு உயரத்துக்குப் புதுக் குழாய் ஒன்று நிமிர்ந்து நின்றது, பளபளவென்று. சரவணன் இரவோடிரவாக மாட்டியிருக்கிறார். இடுப்பு உயரத்தில் இங்கே தண்ணீர் ஏறவே ஏறாதே, இந்த மனிதர் மானத்தை வாங்கப்போகிறாரே என்று பதறிக்கொண்டே அதன் அடியில், தரையை ஒட்டி, கருவியை இணைத்தேன். ஆறு மீட்டர்.

கருவியைத் தட்டினேன். ஆறு. கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினேன். ஆறுதான். கடைசி வீட்டு ஓட்டுக்கும் மேலே தண்ணீர்க் கம்பம் நின்றது. இது எந்தக் கணக்கிலும் வராது. எங்கோ வால்வைத் திருப்பியிருக்கிறார்கள் என்று நினைத்து, தெருவின் மறுகோடிக்கு நடந்தேன்.

அந்த நடை எனக்கு ரொம்ப நாளைக்கு மறக்காது. பனிக்குள் வீட்டுக்கு வீடு ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். குழியோரத்தில், படியில், கவிழ்த்த குடத்தின் மேல். யாரும் தண்ணீர் பிடிக்கவில்லை. ஒரு குழாயும் திறக்கவில்லை. பேச்சும் இல்லை. தண்ணீர் விடுகிற நேரத்தில் ஒரு தெரு இத்தனை அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை. கடைசி வீட்டில் சரவணன் புதுக் குழாயைத் திறந்து பார்க்கும் சத்தம் மட்டும் இந்தக் கோடிவரை கேட்டது. தேவகி என்ற பெண் போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளிடம் கேட்டேன்.

"ஏங்க புடிக்காம உக்காந்திருக்கீங்க?"

"மணிமேகல அக்கா வூட்டுக்கு இன்னிக்கி பொண்ணு வூட்டுக்காரங்க வராங்க மேடம்."

"அதுக்கு?"

"அதுக்குத்தான்."

எனக்கு அப்போதும் மண்டையில் ஏறவில்லை. அவள் சிரித்துவிட்டு விளக்கினாள். "நாங்க தொறந்தா அங்க ஏறாதுல்ல. எங்க கொழுந்தனுக்குப் பாக்க வந்தப்ப அக்காவும் மூடிக்கினுதான் உக்காந்திருந்தாங்க. இந்தத் தெருவுல அப்பிடித்தான். முந்தா நாளே ரெண்டு கொடம் சேத்து வெச்சிக்குவோம்."

எந்த மென்பொருளிலும் பக்கத்து வீட்டுப் பையனின் கல்யாணத்துக்காக மூடிய குழாய் என்று ஒரு கட்டம் கிடையாது. யாரும் தண்ணீர் எடுக்காவிட்டால் அழுத்தம் ஏறும், அவ்வளவுதான் விஷயம். ஒல்லிக் குழாயில் தண்ணீர் ஓடும்போதுதான் அழுத்தம் வழியில் செத்துப்போகிறது. ஓடாமல் நின்றால் கடைசிவரை உயிரோடு வந்துவிடும். முப்பது வீட்டுக்காரர்கள் இதை ஒரு சம்பிரதாயமாகவே வைத்திருந்தார்கள். ஆனால் ஒன்றை யோசிக்கவில்லை. அன்று நான் அளக்கிறேன். ஆறு மீட்டர் என்று எழுதிக்கொண்டு போனால் இந்தத் தெருவுக்குப் புதுக் குழாயே தேவையில்லை என்று முடிந்துவிடும். நான் திரும்பிப் போய் மணிமேகலையிடம் இதைச் சொன்னேன். அவர் கேசரியைக் கிளறிக்கொண்டே, "அப்ப இன்னொரு நாளு எடுத்துக்கயேம்மா, கொழா எங்க ஓடிடப் போவுது" என்றார். அதுவும் சரிதான்.

ஆறே முக்காலுக்குப் பெண் வீட்டார் வந்தார்கள். முதல் பஸ்ஸில் வந்து, பஸ் நிலையத்திலிருந்து ஆட்டோ. ஐந்து பேர். பெண்ணின் தாய்மாமன் நேராகப் போய்க் குழிமேல் போட்ட நாற்காலியில் உட்கார்ந்தார். பலகை கிறீச்சிட்டது. பெண்ணின் அம்மா அஞ்சலை உட்காரவில்லை. ஐம்பது வயது இருக்கும், ஒரு பக்கம் சாய்ந்து நடக்கிறவர். வீட்டைப் பார்க்காமல் நேராகக் குழாயடிக்குப் போய், அங்கிருந்த குடத்தை வைத்துத் தானே திறந்தார். தண்ணீர் கொட்டியது. குடம் நிறைந்து வழிந்தது.

"நல்லாத்தான் வருது, அப்பறம் என்ன" என்றார் தாய்மாமன்.

அஞ்சலை, கை கழுவிவிட்டு வருகிறேன் என்று பின்பக்கம் போனார். பின்பக்கத்தில் நீல டிரம் ஆறும் நசுங்கிய குடங்களும் வரிசையாக இருப்பது எனக்குத் தெரியும். மேலே ஒரு தார்ப்பாய் போட்டு மூடியிருந்தார்கள். திரும்பி வந்தவர் என் பக்கத்தில் வந்து நின்று கருவியைக் குனிந்து பார்த்தார்.

"நீங்க இந்தத் தெருவாம்மா?"

"இல்லீங்க. தண்ணி அழுத்தம் அளக்க வந்திருக்கேன்."

"இந்த டப்பா பொய் சொல்லுமா?"

"சொல்லாதுங்க. வர்றதத்தான் காட்டும்."

"இன்னிக்கி எவ்ளோ காட்டுது?"

"ஆறு."

"முந்தாநேத்து?"

வாசற்படியில் மணிமேகலை கேசரித் தட்டோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பொய்யே சொல்லமாட்டேன் என்று பெருமை அடிக்க நான் வரவில்லை. எனக்கு வேகமாகப் பொய் சொல்ல வராது, அவ்வளவுதான். ஆறு என்று சொல்லியிருக்கலாம். ஒரு எண்தானே. வாய் திறக்கவில்லை. நான் யோசித்துக்கொண்டிருந்த நேரமே அஞ்சலைக்குப் போதுமாக இருந்தது. "போலாம், நேரமாவுது" என்று தம்பியிடம் சொன்னார். கேசரியை யாரும் தொடவில்லை. "போயிட்டு சொல்லி அனுப்புறோங்க" என்றார் தாய்மாமன். மணிமேகலை தலையை ஆட்டினார்.

அவர்கள் தெருவில் நடக்க ஆரம்பித்தபோது பனி விலகியிருந்தது. அதனால் வரும்போது தெரியாதது இப்போது தெரிந்தது. அஞ்சலை தேவகி வீட்டெதிரில் நின்றுவிட்டார். நான் பின்னாலேயே போயிருந்தேன், ஏன் என்று தெரியாமல்.

"ஏம்மா கொடத்த கவுத்து வெச்சிருக்கீங்க?"

"நீங்க போயிட்டு வாங்க, நாங்க அப்பறமா புடிச்சிக்கறோம்" என்றாள் தேவகி.

"தண்ணி எப்ப நிப்பாட்டுவான்?"

தேவகி போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். பக்கத்து வீட்டுப் பெண்மணி, "ஏழரைக்கிங்க" என்று உண்மையைச் சொல்லிவிட்டார். அப்போது மணி ஏழு பத்து. அஞ்சலை தெருவின் இந்தக் கோடியையும் அந்தக் கோடியையும் பார்த்தார். வீட்டுக்கு வீடு கவிழ்த்த குடம். அவர் முகத்தில் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. குரல்தான் உயர்ந்தது.

"தொறங்கம்மா எல்லாரும்! நின்னுடப் போவுது! ஏன் இப்பிடி உக்காந்துக்கினு இருக்கீங்க?"

யாரும் அசையவில்லை. எல்லோரும் கடைசி வீட்டைப் பார்த்தார்கள். அஞ்சலை, சாய்ந்த இடுப்போடு தேவகி வீட்டுக் குழியில் இறங்கி, குழாயைத் தானே திறந்துவிட்டார். அதன்பிறகு பக்கத்து வீடு. அதற்கடுத்த வீடு. ஒவ்வொன்றாகக் குழாய் திறக்கும் சத்தம் கடைசி வீட்டை நோக்கி நகர்ந்துகொண்டே போனது. நான் கருவியிடம் ஓடினேன். ஆறு ஐந்தானது, ஐந்து மூன்றானது. மூன்று ஒன்றரை. ஒவ்வொரு குழாய்க்கும் ஒரு படி இறங்கி, கடைசியில் ஒரு மீட்டருக்கும் கீழே வந்து நின்றது. எந்த அழுத்தத்தில் எவ்வளவு தண்ணீர் என்பதற்கு இதைவிடச் சுத்தமான அளவீட்டை யாரும் எனக்கு ஏற்பாடு செய்து கொடுக்க முடியாது. அந்த நேரத்தில் எனக்கு அதில் ஒரு சந்தோஷமும் இல்லை.

புதுக் குழாய் நூலாகி, நின்றே போனது. சரவணன் நாற்காலிகளை எடுத்து ஓரமாக வைத்தார், பலகையைத் தூக்கினார். மணிமேகலை குழிக்குள் இறங்கினார். மகன் மேலே நின்று குடங்களை வாங்கி வாங்கிப் பின்பக்கம் கொண்டுபோய் ஊற்றினார். புதுச் சட்டை தோளிலிருந்து இடுப்புவரை நனைந்துவிட்டது. நான் கருவியைக் கழற்றும்போது மணிமேகலை குழிக்குள்ளிருந்து கேட்டார்.

"முந்தாநேத்துக்கும் ஆறுன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதாம்மா?"

எனக்கு அழுகை வந்தது. சொல்லியிருக்கலாம் அக்கா என்றேன். இட்லி சாப்பிட்ட வீடு.

இனி போகிறவர்களுக்கான தகவல்களை இங்கேயே கொட்டிவிடுகிறேன், மிச்சம் இருப்பது ஒரு பஸ் பயணம்தான். ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் நான் தங்கிய அறை ஒரு நாளைக்கு எண்ணூறு ரூபாய். சுத்தம், ஆனால் ரயில் அறிவிப்புகள் தூக்கத்துக்குள் வந்துகொண்டே இருக்கும், எனக்கு அது பிடித்திருந்தது. பொம்மைகள் கூடத்திலேயே வாங்கினால் விலை குறைவு, வைக்கோல் வைத்துக் கட்டித் தரச் சொல்லுங்கள். தை, மாசியில் போனால் காலையில் பனி கிடைக்கும். சித்திரை வெயிலில் போய்விட்டு என்னைத் திட்டாதீர்கள். என்னைப் போலத் தண்ணீர் அளக்கப் போகிறவர்களுக்குத் தனியாக ஒன்று: ஒரே ஒரு காலையின் எண்ணை நம்பி எழுதாதீர்கள். நன்றாக வந்தால் சந்தேகப்படுங்கள். தெருவில் இன்றைக்கு என்ன விசேஷம் என்று கேளுங்கள். குழாய் தரையிலா குழியிலா என்று பாருங்கள். நான் இரண்டு நாள் அளவீட்டையும், நடந்ததையும் சேர்த்தே எழுதிக் கொடுத்தேன். கணக்கும் இப்போது கடைசி வீட்டில் உண்மையைச் சொல்கிறது. புதுக் குழாய்க்குப் பரிந்துரை போயிருக்கிறது. எப்போது வரும் என்பது என் கையில் இல்லை.

அன்று மிச்சப் பொழுதில் திட்டக்குடிக்குப் பக்கத்தில் இருக்கும் வெலிங்டன் ஏரியைப் பார்க்கலாம் என்று கிளம்பினேன். அறையில் உட்கார்ந்தால் மணிமேகலை முகம்தான் வரும். விருத்தாசலத்திலிருந்து திட்டக்குடி சுமார் முப்பது கிலோமீட்டர், ஒரு மணி நேரம், டிக்கெட் இருபத்தெட்டு ரூபாய். ஒன்பது மணி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் பார்த்தேன், முன்னிரு வரிசையில் அந்த ஐந்து பேர். அஞ்சலை எழுந்து வந்து என் பக்கத்துக் காலி இடத்தில் உட்கார்ந்தார். இறங்கிவிடலாமா என்று எனக்குத் தோன்றியது.

வயலும் கரும்பும் போய்க்கொண்டிருந்தன. வெயில் ஜன்னல் வழியாக அவர் மடியில் விழுந்து விழுந்து எழுந்தது. பிறகு, என்னிடம் சொல்வது போலவும் இல்லாமல் சொன்னார்.

"நான் வாக்கப்பட்ட ஊர்ல ஒரே கொழா. சுகன்யா வயித்துல எட்டு மாசம், வரிசையில நின்னேன். முன்னால வுடுங்கன்னு கேட்டேன். ஒருத்தி வுடல. தள்ளிவுட்டுதான் இந்த இடுப்பு இப்பிடி ஆச்சு. எம்பொண்ணு கொடம் தூக்கக் கூடாதுன்னு அன்னிக்கி நெனச்சது."

அவருடைய போன் அடித்தது. பழைய போன், எதிர்ப்பக்கம் பேசுவது எனக்கும் கேட்டது. மகள்தான். திட்டக்குடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர் என்று காலையில் சொல்லியிருந்தார்கள்.

"தண்ணி வருதாம்மா?"

"வராதுடி. குழியில எறங்கித்தான் புடிக்கணும்."

"அப்ப வேணாம்னு சொல்லிட்டு வந்துட்டியா?"

"சொல்லல. நீ சொல்லு. எவளோ பெத்த புள்ளைக்காவ இன்னிக்கி முப்பது வூட்டுக்காரங்க தண்ணியே புடிக்காம உக்காந்திருந்தாங்கடி. என் கண்ணால பாத்தேன். எனக்கு ஒரு கொடம் வுட ஆளில்ல."

பஸ் ஒரு நிறுத்தத்தில் நின்று கிளம்பியது. மகள் யோசித்துவிட்டுக் கேட்டாள். "பையன் தூக்குவாராம்மா? இல்ல நாந்தான் எறங்கணுமா?"

அஞ்சலை போனைக் காதிலிருந்து எடுக்காமல் என் பக்கம் திரும்பினார். "நாங்க கெளம்புனப்பறம் நீங்க அங்கதான இருந்தீங்க. சொல்லுங்க."

இந்தத் தடவை எனக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை. "தூக்கினாருங்க. எல்லாக் கொடத்தையும் அவர்தான் தூக்கினாரு. புதுச் சட்டையோட."

மகளுக்கும் அது கேட்டிருக்க வேண்டும். போனுக்குள்ளிருந்து ஒரு சிரிப்பு வந்தது. "அப்ப உன் இஷ்டம்மா" என்றாள். அஞ்சலை, "என் இஷ்டமா, உன் இஷ்டமா?" என்று விடாமல் கேட்டார். "சரிம்மா, என் இஷ்டந்தான்" என்று பதில் வந்தபிறகுதான் போனை வைத்தார். முன்வரிசையில் இருந்த தம்பியைக் கூப்பிட்டு எண்ணைப் போட்டுத் தரச் சொன்னார். நாலைந்து தடவை அடித்தபிறகு எடுத்தார்கள். யார் பேசுகிறது என்று எதிர்ப்பக்கம் கேட்டிருப்பார்கள்போல.

"நாந்தாங்க, சம்மந்தி" என்றார் அஞ்சலை. அந்தப் பக்கம் என்ன சொன்னார்கள் என்று கேட்கவில்லை, அழுகிற மாதிரி இருந்தது. "அழுவாதீங்க. தேதி பாருங்க. தண்ணி வுடுற நாளா பாத்து வெச்சிடாதீங்க, தெருவுல எல்லாரும் பாவம்."